ஆண் கப்பிகளை அகற்றினால் குட்டி போடுவது நின்றுவிடுமா?

"தொட்டியில் கப்பி மீன்கள் பெருகிவிட்டால் ஆண்களை எடுத்துவிடுங்கள், இனப்பெருக்கம் உடனே நின்றுவிடும்" என்று பரவும் தகவல் தவறானது. பெண் கப்பி ஒருமுறை பெற்ற விந்தணுக்களைப் பல மாதங்கள் உடலுக்குள் சேமித்து வைத்து, ஆண் துணையின்றியே ஏறத்தாழ 4 வாரங்களுக்கு ஒருமுறை குட்டி ஈனக்கூடியது. கடையில் வாங்கும் பெண் மீன்கள் பெரும்பாலும் முன்பே சினையாக இருப்பதால், பெண்களை மட்டும் வாங்கி வளர்ப்பதும் உதவாது. ஆண்களை மட்டும் வளர்ப்பதே உறுதியான வழி; அடர்ந்த வண்ணமும் விரிந்த வாலும் பெரும்பாலும் அவற்றுக்கே உரியவை என்பதால், தொட்டியின் அழகும் குறையாது. குட்டிகளில் குதத்துடுப்பு (வயிற்றுக்கு அடியில், வாலுக்கு முன்னால் உள்ள துடுப்பு) குச்சிபோல் நீள்பவை ஆண்கள். அது தென்பட்டதுமே பிரித்துவிட வேண்டும். எஞ்சியவற்றை மீன் கடைக்குக் கொடுக்கலாம். தென் அமெரிக்க இனமான கப்பியைக் குளத்திலோ ஏரியிலோ விட்டால், அது உள்ளூர்ச் சிறுமீன்களுக்குப் போட்டியாகிவிடும்.