பத்தீர்: வாரத்துக்கு எட்டு நாள் உள்ள ஊர்

பாலஸ்தீனத்தில், பெத்லகேமுக்கு மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில், மலைச்சரிவில் இருக்கிறது பத்தீர் என்னும் சிற்றூர். அந்த வட்டாரத்தின் ஊர்ப் பெயர்கள் நம் செய்திகளில் துப்பாக்கிச் சத்தத்தோடு மட்டுமே வருகின்றன. அங்கே தண்ணீரை எப்படிப் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்பதும் நாம் அறிய வேண்டிய செய்திதான் என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கிய மழைநீர் இங்கே ஊற்றுகளாக வெளிப்பட்டு, ரோமானியர் காலத்துக் குளம் ஒன்றில் தேங்கி, அங்கிருந்து வாய்க்கால் வழியாக, சாந்தில்லாமல் கல்லடுக்கிக் கட்டிய படிவயல்களுக்கு இறங்குகிறது. ஊரின் எட்டுப் பெருங்குடும்பங்களுக்கும் ஆளுக்கொரு நாள் தண்ணீர் முறை உண்டு; ஆகவே பத்தீரில் வாரத்துக்கு எட்டு நாள் என்பார்கள். எனக்கு அந்தக் குளத்தைவிட இந்த முறைதான் பெரிய புராதனச் சின்னமாகத் தோன்றுகிறது. ஏனெனில் ஆட்சிகள் பல மாறியும் இது நிலைத்திருக்கிறது.

கி.பி. 135இல் பார் கோக்பா என்பவர் தலைமையிலான யூதக் கிளர்ச்சி ரோமானியரிடம் இறுதியாக வீழ்ந்த பெத்தார் கோட்டை இவ்வூரை ஒட்டியே இருந்தது. ஊர்ப்பெயரிலும் அதன் சாயல் உண்டு. 1892இல் யாஃபா–ஜெருசலேம் ரயில் பாதை பள்ளத்தாக்கின் வழியே வந்தபோது இங்கு நிலையமும் அமைந்தது. 1948 அரபு–இஸ்ரேல் போரில் ஊராரில் பெரும்பாலோர் வெளியேறிவிட, எஞ்சிய சிலர் ஹசன் முஸ்தஃபா என்ற ஊர்க்காரரின் யோசனைப்படி வெற்று வீடுகளில் விளக்கேற்றியும் துணி உலர்த்தியும் ஊரில் ஆளிருப்பதாகக் காட்டினார்கள் என்று சொல்லப்படுகிறது. 1949 போர்நிறுத்த உடன்பாட்டில் ரயில் பாதை இஸ்ரேல் வசமானது. ஆயினும், ரயிலுக்கு ஊறு விளைவிப்பதில்லை என்ற ஒப்புதலின்பேரில், எல்லைக்கோட்டுக்கு அப்பால் இஸ்ரேல் பக்கம் இருந்த தம் நிலங்களை உழும் உரிமையை ஊரார் காத்துக்கொண்டார்கள்.

1967 முதல் ஊர் இஸ்ரேலிய ஆக்கிரமிப்பின்கீழ் இருக்கிறது. மேற்குக்கரையைப் பிரித்து இஸ்ரேல் கட்டும் பிரிப்புச் சுவரை இவ்வூர் வயல்களை ஊடறுத்து எழுப்பும் திட்டத்தை 2012இல் இஸ்ரேலின் இயற்கை, பூங்காக்கள் ஆணையமே எதிர்த்தது. 2014இல் யுனெஸ்கோ இந்நிலப்பரப்பை உலகப் பாரம்பரியப் பட்டியலிலும், அப்போதே ஆபத்துக்குள்ளானவற்றின் பட்டியலிலும் சேர்த்தது. அந்த அங்கீகாரம் தேவையானதுதான், ஆனால் போதாது என்று உறுதியாக நினைக்கிறேன். பட்டியலில் இடம்பெற்ற பிறகும், 2024இல், அந்தப் பகுதியிலேயே புதிய யூதக் குடியேற்றம் ஒன்று அறிவிக்கப்பட்டது. மழைக்காலத்தில் படிவயல்களிலிருந்து சரியும் கற்களை ஒவ்வோர் ஆண்டும் யாராவது எடுத்து அடுக்க வேண்டும். அதற்கு அந்த வயலுக்கு நடந்து போகும் வழி ஊராருக்குத் திறந்திருக்க வேண்டும்.