வேகமாக முடித்தால் கூலியைக் குறைப்பீர்களா?

கடைக் கண்ணாடி துடைக்கிற வேலைக்கு நாள் கூலி பேசுகிற வழக்கத்தை முதலில் விட்டொழிக்க வேண்டும். திருநெல்வேலியில் டவுன், வண்ணார்பேட்டை, பாளையங்கோட்டை, எங்கே போனாலும் இதே கதைதான். முகப்பு முழுக்கக் கண்ணாடி போட்டுக் கடை கட்டியிருக்கிற அண்ணாச்சிமார்கள் வேலை சுத்தமா என்று பார்ப்பதற்கு முன்னால் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். "என்னடே, அரை மணி நேரத்துல முடிச்சிட்ட, இதுக்கா இம்புட்டு ரூவா?" என்று ஒருவர் கேட்டார். "அப்போ சாயங்காலம் வரைக்கும் தேய்ச்சிட்டு இருந்தா குடுப்பியளா அண்ணாச்சி?" என்றேன். நன்றாகச் சிரித்தார், சிரித்துக்கொண்டே ஐம்பது ரூபாயைக் குறைத்துத்தான் கொடுத்தார்.

இப்படிக் கொடுத்தால் புதிதாக வேலைக்கு வருகிற பையன் என்ன கற்றுக்கொள்வான்? இழுத்தடிக்கத்தான். கையை வேகமாக ஆட்டுவதில் பெரிதாக எதுவும் மிச்சமாகாது. ஒரு தடவை துடைத்த கண்ணாடிக்குத் திரும்பப் போகாமல் இருந்தாலே பாதி நேரம் மிச்சம், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

நம்ம ஊரில் திரும்பப் போக வைப்பது பெரும்பாலும் தண்ணீர். ஆற்றங்கரை ஊர்தான், ஆனாலும் துடைக்கக் கடைக்காரர் கைகாட்டுவது போர்த் தண்ணீர்க் குழாயைத்தான். அந்த உப்புத் தண்ணீர் காய்ந்ததும் கண்ணாடி முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழும், அது சுண்ணாம்புச் சத்து, எவ்வளவு தேய்த்தாலும் வெறும் துணிக்குப் போகாது, வினிகர் தொட்டு ஊற வைத்தால்தான் கரையும். (கீழே மார்பிள் படி இருந்தால் அதில் வினிகர் சொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பளபளப்புப் போய்விடும். கழிப்பறை ஆசிட்டை எடுத்துக்கொண்டு வருகிறவர்களை வாசலோடு திருப்பி அனுப்புங்கள், அலுமினியச் சட்டத்தை அரித்துவிடும்.) இந்தப் புள்ளி விழாமல் இருக்கத்தான் நான் கேனில் நல்லதண்ணி கொண்டு போகிறேன். சாதாரணக் கடைக்கு அரை பக்கெட் போதும், அதில் பாத்திரம் கழுவுகிற லிக்விட் சில சொட்டு. நுரை பொங்கப் பொங்க ஊற்றினால் சுத்தம் அதிகமாகாது, காய்ந்த பிறகு பிசுபிசுப்புதான் மிஞ்சும். வெளிநாட்டில் உப்பு முழுக்க நீக்கிய தண்ணீரை நீளக் கம்பு வழியாக ஏற்றிக் கழுவிவிட்டு, துடைக்காமல் அப்படியே காய விடுகிறார்கள், புள்ளியே விழுவதில்லை.

அடுத்தது வைப்பர். தரை துடைக்கிற பஞ்சு ரப்பர் வைப்பரைக் கண்ணாடியில் இழுக்கிற ஆட்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். ஒற்றை ரப்பர் பட்டை போட்ட லேசான பித்தளை வைப்பருக்கு, அமெரிக்காவில் ஓக்லாந்தில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த எட்டோரே ஸ்டெக்கோனே என்ற இத்தாலியர் 1936-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். இன்றைக்கும் அமைப்பு அதேதான். அந்த ரப்பரின் ஓரம்தான் உயிர். வேலைக்கு முன்னால் கட்டைவிரல் நகத்தை ஓரத்தில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள், எங்கேயாவது தட்டினால் அங்கே கீறல் விழுந்திருக்கிறது, கண்ணாடியில் அதே இடத்தில் நேர்கோடாகத் தண்ணீர் நிற்கும். ரப்பரைக் கழற்றித் திருப்பிப் போட்டால் மறு ஓரம் புதுசு. அப்புறம், இழுப்பதற்கு முன்னால் மேல் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்குத் துணியால் ஈரத்தை எடுத்துவிட வேண்டும், ரப்பர் காய்ந்த இடத்தில் தொடங்கினால் வழியாது. ஒவ்வொரு இழுப்புக்கும் ரப்பரை ஒரு துடை. இவ்வளவுதான் வித்தை.

2009-ல் பர்மிங்காமில் டெரி பரோஸ் என்பவர் 45 அங்குலச் சதுரக் கண்ணாடிகள் மூன்றை, ஓர் அடி வைப்பரை வைத்து 9.14 நொடியில் முடித்துக் கின்னஸில் ஏறினார். சரி, கெட்டிக்காரர். ஆனால் அந்தக் கண்ணாடியில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு இருந்திருக்காது. காய்ந்த சந்தனத்தை அப்படியே துணியால் தேய்த்தால் மஞ்சளாக ஒரு சாண் தூரம் இழுவிக்கொண்டு போகும். பழைய ஸ்டிக்கர், செல்லோ டேப் பசை எல்லாம் இதே ரகம். முதலில் இவற்றையெல்லாம் நனைத்து ஊற விட்டு, பக்கத்துக் கண்ணாடியை முடித்துவிட்டு வர வேண்டும். பிளேடு வைத்தால் ஈரத்தின் மேல் ஒரே திசையில் தள்ள வேண்டும், முன்னும் பின்னும் இழுத்தால் அடியில் மாட்டுகிற மணல் கீறிவிடும். சன் ஃபிலிம் ஒட்டின பக்கம் பிளேடே ஆகாது.

வெயிலையும் காற்றையும் பார்க்கத் தெரியாதவனுக்கு வேகம் வராது. நம்ம ஊர் வெயிலில் சோப்புத் தண்ணீர் பாதிக் கண்ணாடி போவதற்குள் காய்ந்துவிடும். அதனால் காலையில் மேற்கு பார்த்த கண்ணாடி, மதியத்துக்கு மேல் கிழக்கு பார்த்தது. ஆனி, ஆடியில் கயத்தாறு பக்கம் காற்றாலையைச் சுழற்றுகிற அதே காற்று இங்கே புழுதியை அள்ளிக்கொண்டு வந்து கண்ணாடியில் அப்பும். அந்த மாதங்களில் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டுத்தான் தண்ணீர் தொட வேண்டும், இல்லையென்றால் சேறுதான்.

வீட்டு ஜன்னலில் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. கிரில்லுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் கையை விட்டுச் சின்ன வைப்பரால் எட்டின மட்டும்தான், மெதுவாகத்தான் நடக்கும்.

இப்போதெல்லாம் நான் கண்ணாடிக்கு இவ்வளவு என்று அளவு பார்த்துத்தான் ரேட் சொல்கிறேன். கிரில் வைத்ததற்குக் கூடுதல், புதுக் கட்டடத்தின் சிமெண்ட், பெயிண்ட் துளி தனி ரேட், மாதா மாதம் கூப்பிடுகிறவர்களுக்குக் கொஞ்சம் குறைவு. ஏணி ஏறுகிற இடத்தில் ஆளை அவசரப்படுத்தினால் இறங்கி வந்துவிடுவோம் என்றும் முதலிலேயே சொல்லிவிடுவேன். எத்தனை மணிக்கு முடிப்பீர்கள் என்று யாராவது கேட்டால், கடை திறக்கிற நேரத்தை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.