குரூப்பில் திட்டுகிறவர்கள் கவனத்துக்கு

என்னைத் 'தம்பி' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த ஓர் அக்கா, 2022-ல் ஒரு செவ்வாய்க்கிழமையிலிருந்து 'சார்' என்று கூப்பிட ஆரம்பித்தார். வெளியிலிருந்து பார்த்தால் எனக்கு மரியாதை கூடியிருக்கிறது. நடந்தது என்ன என்று எனக்கும் அவருக்கும் தெரியும்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஃபினிஷிங் இன்சார்ஜாக இருக்கிறேன். செக்கிங், அயர்ன், பேக்கிங் மூன்றும் என் தலையில். அந்த அக்கா பேக்கிங்கில் மூத்தவர். தேனிப் பக்கம் ஊர். நான் இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன்பே பெட்டி கட்டிக்கொண்டிருந்தவர்.

குழந்தைகள் டீ-ஷர்ட் ஆர்டர் ஒன்று. ஒரு பெட்டிக்கு எந்த சைஸில் எத்தனை பீஸ் என்று ஒரு கணக்கு உண்டு, அசார்ட்மெண்ட் என்போம். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர் பெட்டியைப் பிரித்து எண்ணினார், கணக்கு இடித்தது. கட்டி முடித்த பெட்டி எல்லாவற்றையும் பிரித்து மறுபடி கட்ட வேண்டும். லாரி வேறு வாசலில் நிற்கிறது. நான் அந்த இடத்திலேயே போனை எடுத்து, 63 பேர் இருக்கிற கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில், அந்த அக்காவின் பெயரைப் போட்டு, இத்தனை வருஷம் வேலை பார்த்தும் எண்ணத் தெரியாதா என்கிற தோரணையில் நாலு வரி போட்டேன். முதலாளியும் அந்தக் குரூப்பில் இருக்கிறார். அவர் பார்க்க வேண்டும் என்பதற்காகவே போட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அக்காவிடம் ஸ்மார்ட்போன் கிடையாது. அவருடைய மகள் செக்கிங் டேபிளில் இருக்கிறாள், அவள் நம்பர்தான் குரூப்பில் இருக்கிறது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் போட்டதை அம்மாவுக்குப் படித்துக் காட்டியது அவள்தான்.

சாயங்காலம் மெயிலைத் திறந்தால், ஆர்டர் கொடுத்த பையர் அசார்ட்மெண்டை மாற்றி அனுப்பியிருக்கிறார், பையரோடு பேசி ஆர்டரைப் பார்த்துக்கொள்கிற மெர்ச்சண்டைசர் அதை மூன்று நாளைக்கு முன்பே எனக்கு ஃபார்வர்ட் செய்திருக்கிறார். நான் பேக்கிங்கிற்குச் சொல்லவில்லை. அக்கா நான் கொடுத்திருந்த பழைய கணக்குப்படி ஒரு பீஸ்கூடத் தப்பாமல் கட்டியிருக்கிறார்.

மெசேஜை அழித்தேன். அழித்தால் என்ன, 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று அதே இடத்தில் ஒரு வரி உட்கார்ந்துகொள்கிறதே! நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். வாட்ஸ்அப்காரன் அதற்கு ஒரு ரசீதும் சேர்த்துக் கொடுக்கிறான்.

மறுநாள் தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லீங்க சார்" என்றார். அந்த சார், அன்றிலிருந்துதான்.

இந்தக் கதை நடந்த சில வாரங்களில் ஆபிரகாம் லிங்கன் எழுதிய இரண்டு கடிதங்களைப் படிக்க நேர்ந்தது. லிங்கனா, பனியன் கம்பெனிக்கா என்று சிரிக்காதீர்கள். இரண்டும் அடுத்தடுத்த நாளில் எழுதியவை. 1863 ஜூலை 13, ஜூலை 14.

அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுக்கட்டம். ஜூலை முதல் மூன்று நாள் கெட்டிஸ்பர்க்கில் பெரும் சண்டை. லிங்கன் பக்கத்து வடக்குப் படைக்குத் தளபதி ஜார்ஜ் மீட். அவர் அந்தப் பொறுப்புக்கு வந்தே மூன்று நாள்தான் ஆகியிருந்தது. தென்படைத் தளபதி ராபர்ட் லீயைத் தோற்கடித்துவிட்டார். ஆனால் பின்வாங்கிய லீ, வெள்ளத்தில் இருந்த பொட்டோமாக் ஆற்றைக் கடக்க முடியாமல் கரையிலேயே பல நாள் மாட்டிக்கொண்டு நின்றபோது, மீட் பாய்ந்து அடிக்கவில்லை. 13-ம் தேதி இரவு லீயின் படை ஆற்றைக் கடந்து தப்பியது. லிங்கன் கொதித்துப்போனார். அந்த அதிருப்தி ராணுவத் தலைமையிலிருந்து தந்தியாக மீட்டுக்குப் போக, அவர் 'என்னை விடுவித்துவிடுங்கள்' என்று பதில் அனுப்பினார்.

அதைப் பார்த்துவிட்டுத்தான் 14-ம் தேதி கடிதத்தை எழுத உட்கார்ந்தார் லிங்கன். சமாதானப்படுத்தத்தான் ஆரம்பிக்கிறார். கெட்டிஸ்பர்க் வெற்றிக்கு மிக மிக நன்றி, உங்களை வருத்தப்படுத்தியதற்கு வருந்துகிறேன் என்கிறார். எழுத எழுதக் கோபம் ஏறுகிறது. லீ உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தான், பிடித்திருந்தால் போரே முடிந்திருக்கும், இனி எப்போது முடியுமோ, பொன்னான வாய்ப்பு போய்விட்டது என்று கொட்டித் தீர்க்கிறார். எழுதி முடித்தார். உறையில் போட்டார். அதன் மேல், மீட்டுக்கு எழுதியது, அனுப்பவும் இல்லை, கையெழுத்துப் போடவும் இல்லை என்று குறித்து உள்ளே வைத்துவிட்டார். லிங்கன் இறந்த பிறகு அவருடைய காகிதங்களில்தான் அது கிடைத்தது. மீட் அந்தப் படையின் தளபதியாகவே போர் முடியும்வரை இருந்தார்.

கோபமே வராத மனிதர் என்று லிங்கனை நான் சொல்லவில்லை. அந்தக் கடிதமே சாட்சி, நன்றாகவே வந்திருக்கிறது. தந்தி போனதையும் அவர் தடுக்கவில்லை.

முந்தைய நாள், 13-ம் தேதி எழுதிய கடிதம் யுலிசிஸ் கிராண்ட் என்கிற தளபதிக்கு. ஜூலை 4-ல் விக்ஸ்பர்க் நகரை வளைத்துச் சரணடைய வைத்தவர். அந்தப் படையெடுப்பின்போது கிராண்ட் போன பாதை தப்பு, மிசிசிப்பி ஆற்றோடு கீழே போய் இன்னொரு படையுடன் சேர்ந்திருக்க வேண்டும் என்று லிங்கன் மனதுக்குள் நினைத்திருக்கிறார். அப்படி நினைத்தது கிராண்டுக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும், நாம் நேரில் சந்தித்ததாக நினைவில்லை என்று தொடங்கி, நன்றி சொல்லி, உங்கள் முடிவு சரி, என் எண்ணம் தவறு என்று எழுதினார். நாட்டின் ஜனாதிபதி, பார்த்தறியாத ஒரு தளபதிக்கு! அந்தக் கடிதத்தைக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

ஒரு நாள் இடைவெளியில் இரண்டு கடிதம். தன் தப்பை ஒத்துக்கொண்டது போய்ச் சேர்ந்தது. அடுத்தவன் தப்பைச் சொன்னது பெட்டிக்குள் கிடந்தது. நான் செய்தது அப்படியே தலைகீழ். திட்டியது 63 பேருக்குப் போனது, மன்னிப்பு ஒரு மூலையில் ஒருவர் காதுக்கு மட்டும்.

'இப்படியெல்லாம் இருந்தால் ஏறி மிதிப்பான், பயம் இருந்தால்தான் வேலை நடக்கும்' என்பது எங்கள் ஊர் வேதம். நடக்கும்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் பயத்தில் நடக்கிற வேலையில் என்ன மறைகிறது என்பது எங்களுக்குத்தானே தெரியும்? டெய்லர் தைக்கும்போது ஊசி உடைந்தால், உடைந்த துண்டு எல்லாவற்றையும் தேடிப் பொறுக்கி, ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டிக் காட்டிய பிறகுதான் புது ஊசி தருவோம். ஒரு சின்ன முனை குழந்தையின் பனியனுக்குள் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பாடு. சூப்பர்வைசர் கத்துகிறவர் என்றால் டெய்லர் என்ன செய்வான்? எங்கிருந்தாவது ஒரு ஊசியை வாங்கி மாட்டிக்கொண்டு பேசாமல் தைப்பான். மெட்டல் டிடெக்டர் பிடித்தால் உண்டு. அந்த அக்காவும் என்னிடம் ஒன்றும் சொல்லாமல்தான் இருந்தார், ஒரு வருஷத்துக்கு மேல். கேட்டால் "சரிங்க சார்". பேக்கிங்கில் என்ன நடக்கிறது என்பதே எனக்குத் தெரியாமல் போனது.

அதற்காக, பணிவு என்றால் எல்லோருக்கும் தலையாட்டிக்கொண்டு போவது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே லிங்கன், 1861 நவம்பரில் ஒரு நாள் ராத்திரி தளபதி மெக்லெல்லன் வீட்டுக்குப் போய்க் காத்திருந்தார். வெளியே போயிருந்த தளபதி திரும்பி வந்து, ஜனாதிபதி இருக்கிறார் என்று சொல்லியும் நேராக மாடிக்கு ஏறிப் படுத்துவிட்டார். மரியாதையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற நேரம் இல்லை இது என்று லிங்கன் வீடு திரும்பினார். தன்னை அவமானப்படுத்தியதைப் பொறுத்தவர், அந்த ஆள் படையை நகர்த்தாமல் நாளைக் கடத்தியதைப் பொறுக்கவில்லை, அடுத்த நவம்பரில் பதவியிலிருந்து எடுத்துவிட்டார். நம்மில் பாதிப் பேர் இதை மாற்றித்தான் செய்கிறோம். வேலை கெட்டால் விட்டுவிடுவோம், வணக்கம் வைக்காவிட்டால் விட மாட்டோம்.

அந்தக் கடிதங்களைப் படித்த பிறகும் குரூப்பில் மன்னிப்புப் போட எனக்கு ஒரு வாரம் ஆனது. முதலாளி பார்ப்பாரே என்கிற அதே எண்ணம்தான், இந்தத் தடவை எதிர்த் திசையில். மெயில் வந்த தேதியைச் சொல்லி, நான் சொல்லாமல் விட்டதைச் சொல்லி, அக்கா பெயரைப் போட்டே எழுதினேன். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. மகள் படித்துக் காட்டியிருப்பாள்.

இப்போதும் கை அரிக்கும். எழுதுவேன், என் நம்பருக்கே அனுப்பிக்கொள்வேன். டீ குடித்துவிட்டு வந்து படித்தால் பாதிக்கு மேல் எனக்கே கூச்சமாக இருக்கும்.

போன வாரம் அந்த அக்கா என் டேபிளுக்கு வந்தார். "சார், நேத்துக் கட்டுன நாப்பது பெட்டியில ஆறு பெட்டிக்கு சைஸ் ஸ்டிக்கர் மாத்தி ஒட்டிட்டோம். எங்க தப்புத்தான்" என்றார். இன்ஸ்பெக்‌ஷனுக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது. உட்கார்ந்து பிரித்து ஒட்டினோம், ஒன்றரை மணி நேரம் ஆனது. கூப்பிடுவது இன்னும் சார்தான்.