5 தோல்விக்கெல்லாம் டெக்கை மாத்தாதீங்க

“வரிசையா 5 ஆட்டம் தோத்தா அந்த டெக் தேறாது, உடனே மாறுங்க”ன்னு மேல ஒரு அண்ணாச்சி சொல்லுதீங்க. ஹார்த்ஸ்டோன்ங்கிற ஆன்லைன் அட்டை விளையாட்டுல டெக்குன்னா நாம ஆடச் சேத்து வச்ச அட்டைக் கட்டு; அதுக்கு இது தப்பு அண்ணாச்சி. நம்ம பாளையங்கோட்டைப் பயலுவ இதைப் படிச்சிட்டு சேத்த டஸ்ட்டையெல்லாம் (புது அட்டை செய்யச் செலவாகுற தூள்) கரைச்சிருவானுவ. லெஜண்டரிங்கிற உசந்த வகை அட்டை ஒண்ணு செய்ய 1600 டஸ்ட் ஆகும், உடைச்சா திரும்புறது 400தான்.

நூத்துக்கு 55 ஜெயிக்கிற நல்ல டெக்கா இருந்தாலும், 20 ஆட்டத்துல 9 அல்லது அதுக்கும் கீழ ஜெயிக்க நாலுல ஒரு வாய்ப்பு இருக்கு. இதுல 5 ஆட்டத்தை வச்சு என்ன தெரியும்?

முதல்ல முல்லிகனை, அதாவது ஆட்டம் தொடங்கும்போது கையில வந்த அட்டையில வேண்டாததை மாத்துறதைப் பாருங்க. முதல்ல ஆடுறவரு, டெக்குல 2 பிரதி இருக்குற ஒரு அட்டையைத் தேடி, அது வராத கையில 3 அட்டையையும் மாத்தினாலும், ஆரம்பக் கையில அது இருக்க மொத்தம் 37 சதவீதந்தான் வாய்ப்பு. அதனால அது வராத கையையும் ஆடப் பழகணும். அதுக்கு அதே 30 அட்டையோட 50 ஆட்டமாவது வேணும். தோக்கும்போதெல்லாம் எதிராளி கிளாஸ் (ஹீரோ வகை), முதல்ல ஆடினீங்களா இல்ல ரெண்டாவதா ஆடுறவருக்குக் கிடைக்கிற காயின் அட்டையோடயா, எந்த அட்டையை வச்சீங்கன்னு குறிச்சு வைங்க. மாத்தணும்னா ஒரு தடவைக்கு 1, 2 அட்டை போதும்.

பேட்ச்ல (கேம் அப்டேட்டுல) முக்கியமான அட்டையை நெர்ஃப் பண்ணிட்டா, அதாவது பலத்தைக் குறைச்சிட்டா, டெக்கையே மாத்தலாம். அப்ப அந்த அட்டையை உடைச்சா கொஞ்ச நாளைக்கு முழு டஸ்ட்டும் திரும்பக் கிடைக்கும்.