ஹெலன் கெல்லரின் இருபது நிமிடம்

பார்வையும் கேட்கும் திறனும் இல்லாத அமெரிக்கப் பெண் ஹெலன் கெல்லரைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படிக்காமல் வந்தவர்கள் நம்மில் குறைவு. தண்ணீர்க் குழாய், உள்ளங்கையில் எழுதிக் காட்டிய அந்த ஒரு சொல், ஆசிரியை ஆன் சல்லிவன், கடைசியில் 1904-இல் கல்லூரிப் பட்டம். பாடம் அங்கே முடிந்துவிடும். ஆனால் அதற்குப் பிறகு அவர் 64 வருடம் வாழ்ந்தார். அந்த வருடங்களில் அவர் பார்த்த ஒரு வேலையைப் பற்றி நம் பாடப்புத்தகங்கள் வாயே திறப்பதில்லை. தெரிந்தவர்களும் கொஞ்சம் சங்கடத்தோடுதான் சொல்வார்கள்: "பாவம், காசுக்காக வித்தைக்காரர்களோடு மேடையேற வேண்டியதாகிவிட்டது."

அந்தப் "பாவம்" என்ற சொல்லோடு எனக்குப் பெரிய மனத்தாங்கல் உண்டு. அதற்காகத்தான் இந்தப் பதிவு.

அவர் ஏறியது வாடெவில் மேடை. வாடெவில் என்பது அன்றைய அமெரிக்க நகரங்களின் பல்சுவை மேடை. ஒரே டிக்கெட்டில் எட்டு ஒன்பது உருப்படிகள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் சம்பந்தமே இருக்காது. சைக்கிள் சாகசம், இரட்டையர் பாட்டு, சிரிப்புக்காரர், மந்திரவித்தை, குட்டி நாடகம், பழக்கிய நாய்கள் என்று வரிசையாக வரும். அந்த வரிசையிலும் ஒரு கணக்கு உண்டு. முதல் உருப்படி பெரும்பாலும் பேச்சே இல்லாததாக இருக்கும். தாமதமாக வருபவர்கள் இருக்கை தேடும் சத்தத்தில் பேசினால் யார் காதிலும் விழாது. பெரிய நட்சத்திரம் கடைசிக்கு முந்தின இடத்தில் வருவார். கடைசி உருப்படி, பாவம், ஜனங்கள் எழுந்து போகிற முதுகுகளைப் பார்த்துத்தான் ஆட வேண்டும்.

இந்த உலகத்துக்கே உச்சி என்றால் நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் இருந்த பேலஸ் தியேட்டர். மார்ட்டின் பெக் கட்டியது. 1913 மார்ச் 24 அன்று திறந்தார்கள். ஆரம்பத்தில் தடுமாறியது. அதே வருடம் பிரெஞ்சு நடிகை சாரா பெர்ன்ஹார்ட் வந்து ஆடிய பிறகுதான் நிமிர்ந்தது. அப்புறம் பேலஸில் ஒரு வாரம் ஆடினால் போதும், ஒரு கலைஞருக்கு அதுவே சான்றிதழ். திங்கட்கிழமை மதியக் காட்சிக்கு சக கலைஞர்களும் விமர்சகர்களும் ஏஜெண்டுகளும் வந்து உட்கார்ந்திருப்பார்கள். இலேசில் கை தட்டாத கூட்டம் அது.

அந்த பேலஸ் மேடையில்தான் 1920 பிப்ரவரியில் ஹெலன் கெல்லர் ஏறினார். வயது 39.

திரை விலகும்போது ஒரு வீட்டு வரவேற்பறை. ஆன் சல்லிவன் வந்து கதையைச் சொல்வார். பிறகு ஹெலன் வருவார். உதட்டைத் தொட்டு எப்படிப் பேச்சைப் படிக்கிறார் என்று இருவரும் செய்துகாட்டுவார்கள்: கட்டைவிரல் ஆசிரியையின் தொண்டையில், ஆள்காட்டி விரல் உதட்டில், நடுவிரல் மூக்கின் ஓரத்தில். அடுத்து ஹெலன் தன் குரலிலேயே பேசுவார். அவர் உச்சரிப்பு எல்லோருக்கும் உடனே பிடிபடாது என்பதால் ஆன் அதைத் திருப்பிச் சொல்வார். எல்லாம் சேர்த்து இருபது நிமிடம். தினம் இரண்டு காட்சி.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது கடைசிப் பகுதி. பார்வையாளர்கள் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். கேள்வி அவருக்குச் சொல்லப்படும், பதில் வரும். தூங்கும்போது கண்ணை மூடிக்கொள்வீர்களா என்று கேட்டால், விழித்திருந்து பார்த்ததில்லையே என்பார். பேசினால் களைப்பாக இருக்குமா என்றால், பேசிக் களைத்த பெண்ணை எங்காவது கேள்விப்பட்டதுண்டா என்று திருப்பிக் கேட்பார். இந்த உலகின் மூன்று பெரிய மனிதர்கள்? லெனின், எடிசன், சாப்ளின். முதலாளித்துவம்? அதன் காலம் முடிந்துவிட்டது.

நேரம் எப்படிப்பட்டது என்று பாருங்கள். ரஷ்யப் புரட்சி நடந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை. அமெரிக்காவில் இடதுசாரி என்று சந்தேகப்பட்டவர்களை வீடு புகுந்து கைது செய்துகொண்டிருந்த சமயம். அப்போது நாய் வித்தைக்கும் பாட்டுக்கும் நடுவே நின்று, டிக்கெட் வாங்கி வந்த சாதாரண ஜனங்களிடம் இதைச் சொன்னார்.

அந்தப் பதில்கள் முன்கூட்டியே தயாரித்தவை என்று குறை சொல்பவர்கள் உண்டு. தயாரித்தவைதான். எப்படிப்பட்ட கேள்விகள் வரும் என்று யோசித்து எழுதிவைத்த பட்டியல் அவருடைய ஆவணங்களில் இன்றும் இருக்கிறது. அந்தத் தியேட்டரில் யாருடைய உருப்படிதான் தயாரிக்காமல் வந்தது? ஒரே பத்து நிமிடத்தை வருடக்கணக்கில் செதுக்கி வாழ்ந்தவர்கள் வாடெவில் கலைஞர்கள். ஹெலனும் அந்தத் தொழிலை அதற்குரிய மரியாதையோடு செய்தார். அவ்வளவுதான்.

இன்னொரு குறை கொஞ்சம் கனமானது. உடல் மாறுபாடு உள்ளவர்களைக் கூண்டில் வைத்ததுபோலக் காட்டிக் காசு பார்த்த கண்காட்சிகள் அந்த நாட்டில் இருந்தன. வாடெவிலின் வேர்களில் ஒன்று அங்கேயும் ஓடுகிறது. வந்தவர்களில் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் இருந்திருப்பார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கண்காட்சியில் நிற்பவரிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை. இங்கே வேடிக்கை பார்க்க வந்தவன் கேள்வி கேட்டான், பதில் வாங்கிக்கொண்டு போனான்.

மரியாதையான இடங்கள் என்று நாம் நினைக்கிறவை அவரை எப்படி நடத்தின? அவரை வானளாவப் புகழ்ந்த ஒரு பத்திரிகை ஆசிரியரே, அவர் சோஷலிஸ்ட் ஆனதும், உடற்குறைதான் அவரைத் தவறாக யோசிக்க வைக்கிறது என்று எழுதினார். ஹெலன் 1912-இல் அதற்கு அச்சிலேயே சூடாகப் பதில் கொடுத்தார். அந்தப் புகழ்ச்சிக்கு அவர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. வாடெவில் மேடையில் அந்த நிபந்தனை இல்லை.

காசுக்காகத்தான் போனார். அதை அவரே மறைக்கவில்லை. தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் ஆசிரியைக்கு ஒன்றும் இருக்காதே என்ற கவலை. அதற்கு முன் எடுத்த சினிமாப் படம் ஓடவில்லை. சொற்பொழிவுப் பயணங்களில் ஊர் ஊராக அலைந்து உடம்பு கெட்டது. வாடெவிலில் ஒரே ஊரில் ஒரு வாரம் தங்கலாம். குரங்கு, குதிரை, கிளிகளோடு ஒரே பட்டியலில் தன் பெயரைப் பார்ப்பது முதலில் விநோதமாக இருந்தது என்று பின்னாளில் எழுதினார். அந்த உலகம் தான் அதுவரை வாழ்ந்த உலகத்தைவிட சுவாரசியமாக இருந்தது என்றும் எழுதினார். கஷ்டப்பட்டது ஆன்தான். ஏற்கெனவே பழுதான கண்கள். மேடை விளக்குகள் அவரை வதைத்தன. வருந்துவதாக இருந்தால் அவருக்காக வருந்தலாம்.

என் சித்தப்பாவுக்குப் பார்வை கிடையாது. முப்பது வருடம் கல்யாண வீடுகளில் மெல்லிசைக் குழுவோடு கீபோர்டு வாசித்தார். பந்திக்குப் போகிறவர்கள் அவர் காதுபடவே "ச்சு, பாவம்" என்று சொல்லிப் போவார்கள். ராத்திரி வீட்டுக்கு வந்து சித்தியிடம் கோபப்படுவார்: "நாலு மணி நேரம் வாசிச்சிருக்கேன், சுருதி எப்படி இருந்துச்சுன்னு ஒருத்தன் சொல்லலை." அந்தக் கோபம் எனக்குள் இறங்கிவிட்டது.

1921 நவம்பரில் ஹெலனின் அம்மா இறந்தார். லாஸ் ஏஞ்சலிஸில் காட்சிக்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போது செய்தி வந்தது. அன்றும் மேடையேறினார். கூத்து, நாடகம், கச்சேரி என்று எந்த மேடையிலும் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

போன மாதம் அண்ணன் மகள் ஹெலன் கெல்லர் பாடத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பேலஸ் தியேட்டர் கதையைச் சொன்னேன். மதுவிலக்குக் காலத்தில் ஒருவர் கேட்ட கேள்வியையும் சொன்னேன்: நிலவொளியை உங்களால் உணர முடியுமா? ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குக் கள்ளச்சாராயம் என்றும் அர்த்தம் உண்டு. உணர முடியாது, ஆனால் வாசனை தெரியும் என்றார் ஹெலன். அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. அப்புறம் புத்தகத்தை மூடிவிட்டுச் சிரித்தாள்.

"வேற என்ன கேட்டாங்க, சித்தப்பா?" என்றாள்.