மதம் என்ற கட்டத்தில் என் மகள் எழுதியது

கல்லூரி விண்ணப்பம் போடுவதற்காக மகளோடு கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஆன்லைன் சென்டரில் உட்கார்ந்திருந்தேன். பெயர், பிறந்த தேதி எல்லாம் ஆன பிறகு "மதம்?" என்று கேட்டார் கடைக்காரத் தம்பி. நான் வாயைத் திறப்பதற்குள் "இல்லைன்னு போடுங்கண்ணா" என்றாள் மகள். தம்பி என் முகத்தைப் பார்த்தார். சரி, அவள் சொன்னபடியே போடுங்கள் என்றேன். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிரதோஷம் தவறாமல் பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போகிறவள் நான். கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர், அந்தக் கல்லையே தெப்பமாக்கிக் கரையேறிய ஊர் நம் திருப்பாதிரிப்புலியூர் என்று சொல்லிச் சொல்லித்தான் அவளை வளர்த்தேன். அந்த அப்பரே சமணத்துக்குப் போய்த் திரும்பி வந்தவர்தானே என்று நள்ளிரவில்தான் எனக்கு உறைத்தது.

மறுநாளிலிருந்து இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். 2019இல் திருப்பத்தூர் வழக்கறிஞர் சினேகா, சாதியும் மதமும் அற்றவர் என்று அரசிடமே சான்றிதழ் வாங்கியிருக்கிறார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 கணக்கெடுப்பில் 37 சதவீதம் பேர் மதம் இல்லை என்று எழுதினார்கள். தங்களைக் கிறிஸ்தவர் என்று சொன்னவர்கள் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டார்கள். நம் நாட்டில் 2011 கணக்கெடுப்பில் மதத்தைக் குறிப்பிடாதவர்கள் கால் சதவீதம்கூட இல்லை. ஆக, இங்கே சாமி கும்பிடுகிறவர்கள் ஒன்றும் குறைந்துவிடவில்லை. மாறியிருப்பது வேறு.

என் ஆயா காலத்தில் அம்மை போட்டால் மாரியம்மன் கோயில் வேப்பிலைதான். சண்டை வந்தால் கோயில் வாசலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வார்கள், அதுதான் தீர்ப்பு. இன்று அம்மைக்குத் தடுப்பூசி இருக்கிறது, வழக்குக்குக் கோர்ட் இருக்கிறது, அரிசிக்கு ரேஷன் கடை இருக்கிறது. மதத்தின் கையிலிருந்த வேலைகள் ஒவ்வொன்றாகக் கைமாறிவிட்டன. மதச்சார்பின்மை பற்றிப் படித்தவர்கள் பேசும்போது சொல்வதில் பெரும்பகுதி இதுதான் என்று எனக்குப் புரிந்தது. இதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. வேப்பிலையை மட்டும் நம்பி எத்தனை பிள்ளைகளைப் பறிகொடுத்தோம் என்று ஆயாவே சொல்லி அழுதிருக்கிறார்.

அப்படியானால் மதத்துக்கு மிச்சமிருக்கும் வேலை என்ன? இதற்கு நம் மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

வடலூரில் 1867இல் வள்ளலார் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றுவரை அணையவில்லை. வந்து உட்காருகிறவர்களிடம் என்ன சாதி, என்ன சமயம் என்று கேட்பதில்லை; இலை போட்டுச் சோறு வைக்கிறார்கள். அப்புறம், இதை முக்கியமாகச் சொல்ல வேண்டும். 1873இல் மேட்டுக்குப்பத்தில் பேசும்போது, ஒரு காலத்தில் சைவத்தின் மேல் தனக்கு எவ்வளவு பற்று இருந்தது என்பதையும் அதை விட்டுவிட்டதையும் வள்ளலாரே வெளிப்படையாகச் சொன்னார். சமயங்களை விட்டார், அடுப்பை விடவில்லை. இது என் மகளுக்கு எதிராக நான் வைக்கும் வாதம் இல்லை. அவள் பக்கம் நின்று என்னால் பேச முடிகிற இடம்.

கிள்ளையையும் சொல்கிறேன். மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி தீர்த்தவாரிக்காகக் கிள்ளைக் கடற்கரைக்கு வருவார். வழியில் தைக்கால் என்ற ஊரில் இஸ்லாமியர்கள் மாலை மரியாதையோடு வரவேற்பார்கள். கோயில் சார்பில் தர்காவுக்கும் மரியாதை போகும். யாரும் தன் நம்பிக்கையை விட்டுக்கொடுப்பதில்லை. 2004 சுனாமியில் பரங்கிப்பேட்டை ஜமாத்தார் மீனவக் குடும்பங்களுக்குச் சமைத்துப் போட்டதைக் கடலூர்க்காரர்கள் மறக்க மாட்டார்கள். அந்தப் பழக்கம் ஒரே நாளில் வந்திருக்காது என்றே நம்புகிறேன்.

ஆனால் பழையதெல்லாம் பொன் என்று சொல்ல மாட்டேன். பக்கத்து மாவட்டத்தில் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்கு 2023இல் அதிகாரிகள் சீல் வைத்தார்களே, ஏன்? பட்டியல் சாதி மக்களை உள்ளே விட மறுத்ததால்தானே! ஆலய நுழைவுச் சட்டம் வந்தது 1947இல். சட்டம் வந்து எழுபத்தாறு வருஷம் கழித்தும் அம்மன் முன்னால் நிற்கச் சிலருக்கு வழியில்லாமல் இருந்தது. இதைப் பார்த்து வளர்கிற பிள்ளை மதமே வேண்டாம் என்றால், கும்பிடுகிற நாம்தான் முதலில் தலைகுனிய வேண்டும்.

அரசு மதத்தில் தலையிடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். புதுச்சேரிப் பக்கம் வில்லியனூரில் திருக்காமீசுவரர் தேர்த் திருவிழாவில் பிரெஞ்சுக் கவர்னர் வடம் பிடித்து இழுப்பது வழக்கமாக இருந்தது. இன்றும் துணைநிலை ஆளுநர் வந்து இழுக்கிறார். அந்த பிரான்ஸ்தான் தன் சொந்த மண்ணில் 1905இல் சட்டம் போட்டுத் திருச்சபையையும் அரசையும் பிரித்தது. நமக்கு வந்து சேர்ந்த வழி வேறு. அரசு எல்லாருடைய வடத்தையும் தொடலாம் என்கிற வழி. எனக்கு அது பிடிக்கும். ஆனால் வடம் பிடிக்கிற அதே கைக்கு, வாசலில் ஒருவரை மறிக்கும்போது கதவைத் திறந்துவிடும் கடமையும் உண்டு. முதலாவதை மட்டும் செய்துவிட்டு இரண்டாவதற்குத் தயங்குவதுதான் எனக்குக் கோபம்.

இப்போதெல்லாம் திருவிழா என்றாலே ஃபிளெக்ஸ் பேனரும் காதைப் பிளக்கும் ஸ்பீக்கரும், எந்தத் தெரு வழியாக ஊர்வலம் போவது என்ற தகராறும்தான் முன்னால் வருகின்றன. பக்கத்து வீட்டில் சாவு விழுந்தால் போய் நிற்க ஆள் குறைந்துவிட்டது. என் பயம் இதில்தான் இருக்கிறது. மகள் எழுதிய 'இல்லை' மேல் இப்போது எனக்குப் பயமில்லை.

விண்ணப்பத்தில் அந்த வார்த்தை அப்படியேதான் இருக்கிறது. ஒன்று மட்டும் அவளிடம் கேட்டேன். கும்பிட வேண்டாம், மாசி மகத்தன்று கிள்ளைக்கு என்னோடு ஒரு முறை வா, தைக்காலில் நின்று பார்த்துவிட்டு வரலாம் என்றேன்.

"மாசிக்கு இன்னும் நாள் இருக்கேம்மா" என்றாள்.