குரல் பதிவைக் கேட்டவர்கள் இதையும் படியுங்கள்

நான்கு நாளாக வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கு எழுதுகிறேன். எதைப் பற்றி என்று எங்கள் ஊர் சுங்கை சிப்புட்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. போன வெள்ளிக்கிழமை ராத்திரி கோயில் வாட்ஸ்அப் குழுவில், கல்யாணம் ஆகாத ஒரு டீச்சர் கருமுட்டையை உறைய வைத்திருக்கிறாள் என்று ஓர் அக்கா பேசிய அந்தக் குரல் பதிவு, மறுநாள் காலைக்குள் முன்னாள் மாணவர் குழு, குடும்பக் குழு என்று எல்லா இடத்துக்கும் போய்விட்டது. ஜொகூரில் இருக்கும் அத்தை மகன் கூப்பிட்டு, "உன்னைப் பத்தியா பேசுறாங்க?" என்று கேட்டான். ஆமாம், என்னைப் பற்றித்தான். பெயர் சொல்லவில்லை, சரி. ஆனால் "தோட்டத்துல லோரி ஓட்டினாரே, அவர் மகள், டீச்சரா இருக்குதே" என்றால் இந்த ஊரில் அது நான் ஒருத்திதான்.

உண்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு 36 வயது. கல்யாணம் ஆகவில்லை. ஈப்போவில் ஒரு கருத்தரிப்பு மையத்தில் என் கருமுட்டைகளை எடுத்து உறைய வைத்திருக்கிறேன். இதுதான் நான் செய்தது. இதற்கு மேல் அந்தப் பதிவில் சொன்ன எதையும் நான் செய்யவில்லை, செய்யவும் போவதில்லை.

"கல்யாணம் ஆகாமலே பிள்ளை பெத்துக்கப் போகுதாம்" என்று அதில் சொல்கிறார். அக்கா, அது தப்பு. இங்கே மலேசியாவில் சேமித்த முட்டையைக் கருவாக்க வேண்டும் என்றால் கல்யாணம் ஆகியிருக்க வேண்டும். திருமணச் சான்றிதழ் கேட்பார்கள். முதல் நாளே டாக்டர் இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசினார். சிங்கப்பூரிலும் அப்படித்தான். அங்கே 2023 ஜூலை 1ஆம் தேதியிலிருந்து 21 முதல் 37 வயது வரை உள்ள பெண்கள், தனியாக இருப்பவர்களும்கூட, முட்டையைச் சேமிக்கலாம் என்று அனுமதித்தார்கள். பயன்படுத்துவது கல்யாணத்துக்குப் பிறகுதான். அதனால் "ஆம்பளையே தேவையில்லையாம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னீர்களே, அதுவும் தப்பு. எனக்குக் கணவர் வேண்டும், பிள்ளையும் வேண்டும். இரண்டும் இன்னும் வரவில்லை. வரும்போது உடம்பு தயாராக இருக்காதோ என்ற பயத்தில் செய்தேன்.

பிள்ளை வேண்டும் என்று நினைக்கிறவள்தான் இதைச் செய்வாள். வேண்டாம் என்பவள் எதற்காகப் பத்து நாள் வயிற்றில் ஊசி குத்திக்கொள்ள வேண்டும்?

அந்தப் பத்து நாளைப் பற்றியும் சொல்கிறேன், ஏனென்றால் ஏதோ பாசாருக்குப் போய் வந்ததுபோலப் பேசுகிறார்கள். மாதவிலக்கு வந்த இரண்டாம் நாளிலிருந்து ஒவ்வொரு ராத்திரியும் வயிற்றுத் தோலில் ஊசி. நானே போட்டுக்கொள்ள வேண்டும். சாதாரணமாக மாதத்துக்கு ஒரு முட்டைதான் முதிரும், இந்த மருந்து ஒரே சமயத்தில் பலவற்றை வளர வைக்கும். மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும் என்பதால், அம்மாவின் ஊறுகாய் போத்தலுக்குப் பின்னால் ஒரு டப்பாவில் ஒளித்து வைத்தேன். இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவை பள்ளி முடிந்ததும் ஈப்போவுக்குக் காடி ஓட்டிக்கொண்டு போய் ஸ்கேன். வயிறு உப்பி, சேலை கட்டினால் இறுக்கும். கடைசி ஊசி சரியான நேரத்தில் போட வேண்டும், அதிலிருந்து 36 மணி நேரத்தில் முட்டையை எடுப்பார்கள். எனக்கு வியாழக்கிழமை ராத்திரி பத்தரைக்கு ஊசி, சனிக்கிழமை காலை பத்தரைக்கு அறைக்குள். மயக்கம் கொடுத்து, ஸ்கேன் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியால் எடுத்தார்கள். இருபது நிமிட வேலை. 14 எடுத்து, அதில் முதிர்ந்த 11ஐ உறைய வைத்தார்கள். மைனஸ் 196 பாகை செல்சியஸில், திரவ நைட்ரஜனில் இருக்கின்றன.

மயக்கம் கொடுத்தால் அன்றைக்குக் காடி ஓட்டக் கூடாது, கூட ஒருவர் வந்து அழைத்துப் போக வேண்டும் என்பது விதி. அதனால்தான் சின்னம்மா மகளிடம் சொல்ல வேண்டி வந்தது. அவள் வீட்டைவிட்டு வெளியே வர மாமியாரிடம் காரணம் சொல்ல வேண்டி வந்தது. இப்படித்தான் ஊருக்குத் தெரிந்தது. அவளை யாரும் திட்ட வேண்டாம். அவள் வந்திருக்காவிட்டால் எனக்கு ஆள் இல்லை.

"36 வயசு வரைக்கும் என்ன பண்ணிக்கிட்டு இருந்துச்சு? காலா காலத்துல கல்யாணம் பண்ணியிருந்தா இது எதுக்கு?" இந்தக் கேள்வியை அந்தப் பதிவுக்குக் கீழே மூன்று பேர் கேட்டிருந்தார்கள். மூன்று பேருமே என் அப்பாவின் சாவுக்கு வந்தவர்கள்.

என் 26ஆவது வயதில் அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. இனிப்பு நீர், அதாவது நீரிழிவு. நம் ஆட்களில் எத்தனை வீட்டில் இந்தக் கதை இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்துக்கு மூன்று தடவை ரத்தச் சுத்திகரிப்பு, ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். தம்பி சிங்கப்பூரில். அம்மாவுக்குக் காடி ஓட்டத் தெரியாது. ஏழு வருஷம் நான்தான் கொண்டுபோய் விட்டு, கூட்டிவந்தேன். மாணவர்களின் பயிற்சிப் புத்தகங்களை அந்த மையத்தின் வராந்தாவில் உட்கார்ந்துதான் திருத்துவேன். ஊசி குத்திக் குத்தி அப்பாவின் இடது கை கயிறு முறுக்கியதுபோல இருக்கும். அதை மறைக்க எப்போதும் முழுக்கைச் சட்டைதான் போடுவார். இந்த ஊர் வெயிலிலும் அப்படித்தான்.

29 வயதில் எனக்கு ஓர் இடம் அமைந்தது. தைப்பிங் பையன், நல்ல மனிதர். நிச்சயம் வரைக்கும் வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு ஜொகூருக்கு வந்துவிட வேண்டும், அப்பாவை மகன் பார்த்துக்கொள்ளட்டும் என்று அவர் வீட்டில் சொன்னார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. என்னால் முடியவில்லை. அப்பாவிடம் காரணத்தைச் சொல்லவில்லை, ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டோம். அவர் நம்பவில்லை என்பது எனக்குத் தெரியும். அப்பா போனபோது எனக்கு 33.

அந்த ஏழு வருஷத்தை நான் வீணாக்கினேன் என்று இன்றைக்கும் நினைக்கவில்லை. ஆனால் உடம்பு அதை எனக்காகக் கழித்துக்கொள்ளாது. பெண் பிறக்கும்போதே அவளுடைய எல்லா முட்டைகளோடும்தான் பிறக்கிறாள், ஒரு மில்லியனுக்கும் மேல் இருக்கும். வயதுக்கு வரும்போது மூன்று நான்கு லட்சம். அதற்குப் பிறகு கரைந்துகொண்டேதான் போகும், புதிதாக ஒன்றும் உண்டாகாது. 35ஐத் தாண்டினால் எண்ணிக்கையும் தரமும் வேகமாகக் குறையும். அப்பாவைப் பார்த்துக்கொண்டேன் என்பதற்காக ஒரு வருஷம்கூட நிற்காது. ரத்தப் பரிசோதனை முடிவைக் காட்டி டாக்டர், "உங்கள் வயதுக்கு இருக்க வேண்டியதைவிடக் குறைவாகத்தான் இருக்கு" என்றார். அன்றைக்கு ஈப்போவிலிருந்து திரும்பும்போது நெடுஞ்சாலை ஓய்விடத்தில் நிறுத்தி அழுதுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்று.

இன்னொன்று கேட்க வேண்டும். என் தம்பிக்கு 34. அவனுக்கும் கல்யாணம் ஆகவில்லை. தீபாவளிக்கு வந்தால் கோயிலில் அவனைச் சுற்றி நின்று, "நல்லா சம்பாதிக்கிறியாப்பா, காடி வாங்கிட்டியா" என்று கேட்கிறார்கள். ஒருவர்கூட அவனைப் பற்றிக் குரல் பதிவு போட்டதில்லை. போடவும் வேண்டாம். அவன் நல்ல பிள்ளை.

"இயற்கைக்கு விரோதம்" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அப்பாவின் ரத்தத்தை இயந்திரத்தில் விட்டுச் சுத்தம் செய்தபோது யாரும் அப்படிச் சொல்லவில்லை. நல்லபடியா இருக்கணும் என்று கோயிலில் அர்ச்சனை செய்தார்கள். இது ஒன்றும் நேற்று வந்த விஷயமும் இல்லை. உறைய வைத்த முட்டையிலிருந்து 1986லேயே ஆஸ்திரேலியாவில் குழந்தை பிறந்தது. 2012இல் அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம், இதை இனிமேல் சோதனை முயற்சி என்று சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தது.

உத்தரவாதம் உண்டா என்று கேட்கிறீர்கள். இல்லை. டாக்டரும் அதைத்தான் சொன்னார். உறைந்ததை வெளியே எடுக்கும்போது சில பிழைக்காது. பிழைத்ததில் சில கருவாகாது. கருவானதில் சில தங்காது. 11 முட்டை என்றால் 11 பிள்ளை இல்லை, ஒன்றுகூட இல்லாமலும் போகலாம். இதைத் தெரிந்துகொண்டுதான் கையெழுத்துப் போட்டேன்.

"அப்படின்னா இவ்வளவு காசை ஏன் கொட்டணும்?" மருந்தோடு சேர்த்து 18,000 வெள்ளி (ரிங்கிட்) ஆனது. வருஷா வருஷம் சேமிப்புக் கட்டணம் தனி. மாதம் 300 வெள்ளி வீதம் ஐந்து வருஷம் தனிக் கணக்கில் போட்ட பணம். யாரிடமும் கடன் வாங்கவில்லை, அம்மாவின் நகையைத் தொடவில்லை, 12 வருஷத்து மைவி காடியைத்தான் இன்னமும் ஓட்டுகிறேன். ஒரு கல்யாணத்துக்கு மண்டபம், கேட்டரிங், அலங்காரம் என்று ஒரே ராத்திரியில் இதைப்போல மூன்று மடங்கு செலவழிக்கிற ஊர் இது. அதை நான் ஒருநாளும் கணக்குக் கேட்டதில்லை.

என் பாட்டியும் இப்படித்தான் சிறுகச் சிறுகப் பணம் கட்டினார். வெள்ளைக்காரர்கள் ரப்பர் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போன காலம். வேலையும் போய், லயத்து வீடும் போய், நம் ஆட்கள் எங்கே போவார்கள் என்று தெரியாத காலம். 1960இல் துன் சம்பந்தன், நம் ஊரின் அப்போதைய நாடாளுமன்ற உறுப்பினர், தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டுங்கள், நாமே தோட்டத்தை வாங்குவோம் என்று கேட்டார். பாட்டிக்கு அப்போது இருபது வயது இருக்கும். கையில் ஒரு பிள்ளை, வயிற்றில் ஒரு பிள்ளை. விடியும் முன்னால் மூத்ததை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் பால் வெட்டப் போவாராம். "கிடைக்குமான்னு யாருக்குத் தெரியும்? கட்டி வச்சேன்" என்று சொல்வார். பக்கத்து வீட்டில், தாத்தா வீட்டில், எல்லாரும் அவரைப் பைத்தியம் என்றார்களாம். அந்தப் பத்து வெள்ளியில் ஒரு வாரம் சாப்பிடலாம் என்றார்களாம்.

அந்தப் பாட்டியையே எடுத்து என்மேல் வீசுகிறார்கள். "உன் பாட்டி ஆறு பெத்தாங்களே, எந்த ஐஸ்பெட்டியில வச்சாங்க?" ஆறு பெற்றார், உண்மை. 17 வயதில் முதல் பிள்ளை. ஆறில் ஒன்று இரண்டு வயதுகூட ஆகாமல் காய்ச்சலில் போனது. அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வார். ஆறு பெற்ற பாட்டி என்னிடம் சொன்னது, "நீ படிச்சு வேலைக்குப் போ, அப்புறம் மத்தது" என்பதுதான். அவர் சொன்ன வரிசையில்தான் நான் போனேன்.

"நம்ம இனம் குறைஞ்சுக்கிட்டே வருது" என்று கவலைப்படுகிறவர்களுக்கு. 2020 கணக்கெடுப்பில் மலேசியக் குடிமக்களில் இந்தியர்களான நாம் 6.7 விழுக்காடு. எனக்கும் அந்தக் கவலை இருக்கிறது, என் வகுப்பில் நாற்காலிகள் குறைவதை ஒவ்வொரு பள்ளித் தொடக்கத்திலும் நான் பார்க்கிறேன். அப்படிக் கவலைப்படுகிறவர்கள் என்மேல் ஏன் கோபப்படுகிறீர்கள்? பிள்ளை வேண்டும் என்று நினைக்கிறவள்தான் இதைச் செய்வாள் என்று திரும்பவும் சொல்கிறேன். நான் பிள்ளைக்காகச் செய்தேன்.

இதைப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் பேச வேண்டும் என்று ஒருவர் எழுதினார். பேசுங்கள். 13 வருஷமாக உங்கள் பிள்ளைகளுக்கு உயிரெழுத்து சொல்லித் தருகிறேன். காய்ச்சல் வந்தால் மடியில் படுக்க வைத்திருக்கிறேன். மதியம் சாப்பாடு கொண்டுவராத பிள்ளைக்கு என் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்திருக்கிறேன். போன வருஷம் ஒரு முதலாம் ஆண்டுப் பிள்ளை வாய் தவறி என்னை "அம்மா" என்று கூப்பிட்டுவிட்டு வெட்கப்பட்டது. அன்றைக்கு முழுக்க எனக்குப் பாடம் நடத்த முடியவில்லை.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. என்னைப் பற்றிப் பேசியதை நான் தாங்கிக்கொள்வேன். என் அம்மாவை ஏன் இதில் இழுத்தீர்கள்?

அம்மாவுக்கு இது என் மூலமாகத் தெரிந்திருக்க வேண்டும். நல்ல நேரம் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். சனிக்கிழமை காலை பாசாரில், கீரை வாங்கும் இடத்தில், தெரிந்த ஒருவர் கைப்பேசியை அம்மாவின் காதில் வைத்து அந்தப் பதிவைப் போட்டுக் காட்டியிருக்கிறார். "உங்க மகளா பாருங்க" என்று. அம்மா கீரையை அங்கேயே வைத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி என் அறைக்கு வந்து, கதவுப் பக்கத்தில் நின்றபடியே, "ஊறுகாய்க்குப் பின்னால இருந்த டப்பா அதானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "தனியாவா குத்திக்கிட்ட?" என்றார். அதற்கு மேல் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

இருபது வருஷமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோயில் சமையற்கட்டில் அம்மா இருப்பார். அன்னதானத்துக்குப் பூசணிக்காய் வெட்டுவதும் சாம்பாருக்கு உப்புப் பார்ப்பதும் அவர்தான். அப்பா போன பிறகு அவர் வெளியே போகிற ஒரே இடம் அது. இந்த வாரம் வர முடியாது, முட்டி வலி என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அம்மாவுக்கு முட்டி வலி இல்லை.

அக்கா, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். உங்கள் பெயரை நான் எங்கேயும் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். சின்ன வயதில் உங்கள் வீட்டில் நான் சாப்பிட்டிருக்கிறேன். என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம். அந்தப் பதிவைக் குழுவிலிருந்து எடுத்துவிடுங்கள். அப்புறம் வந்து அம்மாவிடம் பேசுங்கள். வீடு உங்களுக்குத் தெரியும். சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் அம்மா வாசலில்தான் உட்கார்ந்திருப்பார். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் வந்தால் நல்லது.